பச்சை பிக்கப்புக்கு ஃப்ளோர் கியர்

ஆம்பூர் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே வண்டி நின்றுபோனபோது ஜெயபுஷ்பம் டீச்சர் முதலில் விசில்தான் ஊதினார். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. மைதானத்தில் அதற்கு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடு என்று அர்த்தம். பிக்கப்பின் பின்தொட்டியில் உட்கார்ந்திருந்த த்ரோபால் டீம் பெண்கள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பந்துப் பையோடும் தண்ணீர்க் கேனோடும் தொபீர் தொபீரென்று குதித்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கும்பலாக நின்றார்கள்.

"இன்னாம்மா இது? ரயிலு வர்ற நேரம்! நான் கேட்டு போட வேணாவா?" என்று கேட்கீப்பர் கத்தினார்.

"எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனா? கியர் பூட்டிக்கிச்சு!"

டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து வண்டியின் முதுகில் கை வைத்தார்கள். "தள்ளாதீங்க, நகராது!" என்று ஜெயபுஷ்பம் சொன்னபடியே கீழே குதித்தார். அவர் சொன்னது சரி. அந்த வண்டியில் முதல் கியரும் இரண்டாவது கியரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் இரண்டும் ஆணி அடித்தாற்போல நின்றுவிடும். யானை தள்ளினாலும் அசையாது. ஒரே வழிதான் உண்டு. பானெட்டைத் திறந்து, கொதிக்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில் கையை விட்டு, ஸ்டியரிங் கம்பத்தின் அடியில் இருக்கும் இரண்டு இரும்புக் காதுகளில் ஒன்றைப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும்.

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். வரவில்லை. தூரத்தில் ரயில் கூவியது. ஒரு காலை பம்பரில் ஊன்றி இன்னொரு தரம் இழுத்தார். 'டக்'கென்று விட்டது. பானெட்டைக்கூடச் சாத்தாமல் ஏறி உட்கார்ந்து, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பாதையைப் பார்த்தபடி வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கேட் இறங்கியது. சற்று நேரத்தில் ரயில் தடதடத்துப் போனது. அதற்குப் பிறகுதான் இறங்கிப் பானெட்டைச் சாத்தினார்.

இது நடந்தது தொண்ணூற்றேழாம் வருடம். ஜெயபுஷ்பத்துக்கு அப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். ஆம்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் மெல்லிய சங்கிலிக்கு மேல் கறுப்புக் கயிற்றில் விசில். நடப்பது மற்றவர்கள் ஓடுவதுபோல இருக்கும். ஊரில் பெண்கள் சைக்கிள் மிதித்தாலே திரும்பிப் பார்த்த காலத்தில் அவர் மோட்டார் சைக்கிளில் சர்ச்சுக்குப் போய் ஆராதனைக்கு வந்தவர்களைத் திகைக்க வைத்தவர். வண்டி என்றால் அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு. பஸ்ஸில் போனாலும் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் கால் தானாகக் கீழே அழுத்தும்.

அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய அமெரிக்க பிக்கப், ஒரு மிஷன் கிளினிக்கை மூடியபோது ஏலத்துக்கு வந்தது. ஐம்பதுகளில் செய்தது. பாசிப் பச்சை நிறம், தவளைக் கண் விளக்கு, மூன்று பேர் தாராளமாக உட்காரும் ஒரே நீளச் சீட்டு. அதைப் பார்த்த அன்றே ஜெயபுஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்த கணவர் கிருபானந்தம், "இத்த எங்க நிறுத்துவ?" என்று மட்டும்தான் கேட்டார். வாங்கலாமா வேண்டாமா என்பது முடிந்துபோன விஷயம் என்று அவருக்குத் தெரியும்.

வண்டி ஹேண்ட் கியர். அதாவது, கியர் கம்பி தரையிலிருந்து வராமல் ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே, கம்பத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை முன்னே தள்ளி மேலே தூக்கு, பின்னே இழுத்துக் கீழே இறக்கு என்று இடது கையாலேயே ஒரு நாட்டியம் ஆட வேண்டும். புதிதாக இருந்த காலத்தில் வெண்ணெய் மாதிரி விழுந்திருக்கும். இப்போது மூட்டுக்கு மூட்டு தேய்மானம். ஸ்பேர் கிடைக்காது. காசி என்கிற மெக்கானிக், ஷூவுக்கு அடியில் போடும் கெட்டித் தோலை வட்டமாக வெட்டி வாஷர் செய்து போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? மழைக்காலத்தில் அது ஊறும், வெயிலில் சுருங்கும். சுருங்கினால் கம்பி லொடலொடவென்று ஆடி, ஒரு கியரை விடாமலே இன்னொரு கியரைப் பிடித்துக்கொள்ளும். அன்று ரயில்வே கேட்டில் அதுதான் நடந்தது.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே வஹீதா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். டீமில் நெட்டை ஆட்டக்காரி ஃபரீதாவின் அம்மா. ஒரு ஷூ கம்பெனியில், அப்பர் என்று சொல்லும் மேல்தோலைத் தைக்கிறவர். வேலைக்குப் போகிற அவசரத்திலும் தலைமையாசிரியையின் அறை வாசலில் ஜெயபுஷ்பம் வரும்வரை அசையாமல் நின்றார்.

"டீச்சர், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தப் பச்ச வண்டி மேலதான். இனிமே என் பொண்ண அதுல ஏத்தாதீங்க."

"பஸ்ல போனா போன வருஷம் ஆன மாதிரிதான் ஆவும் வஹீதாம்மா," என்றார் ஜெயபுஷ்பம். போன வருடம் மாவட்டப் போட்டிக்கு இரண்டு பஸ் மாறி, வழியில் ஒன்று பஞ்சராகி, இவர்கள் போய்ச் சேர்வதற்குள் எதிர் டீம் ஆடாமலே ஜெயித்துவிட்டிருந்தது. ஃபரீதா திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள்.

"ஆனா ஆவட்டும். பொண்ணு முழுசா வீட்டுக்கு வந்தா போதும் எனக்கு."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இந்த வருஷம் போட்டி வாலாஜாபேட்டையில. வண்டி சரியாகிடுச்சுன்னு இவங்களே வந்து என்கிட்ட சொன்னாங்கன்னா பிள்ளைங்கள அனுப்பறேன். இல்லன்னா பஸ்தான்."

வஹீதா திரும்பி ஜெயபுஷ்பத்தைப் பார்த்தார். தன்னை நீதிபதியாக்கியது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "சரி. நானே பாத்துச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினார்.

அன்று மாலையே வண்டி காசியின் கொட்டகைக்குப் போனது. காசி பகலில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். தோல் ஊறவைத்துச் சுழற்றும் பெரிய மர டிரம்களின் பல்சக்கரமும் பேரிங்கும் அவர் பொறுப்பு. வேலை முடிந்தால் கொட்டகை. ஒன்றாம் வகுப்பில் ஜெயபுஷ்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போன காசியின் குரல் மட்டும் வெளியே வந்தது. "பொட்டி கல்லு மாதிரி இருக்குது டீச்சர். வியாதி கியர் பொட்டிக்கு இல்ல. பொட்டியிலேர்ந்து உங்க கைக்கு வர்ற வழிக்குத்தான். எத்தினி முட்டி, எத்தினி வளைவு! எந்த முட்டியன்னு நான் பாக்கறது?"

"பொட்டி எங்க இருக்குது?"

"தோ, உங்க காலுக்குக் கீழ."

"அப்ப அது ஏன் சுத்திக்கிட்டு கம்பத்து வழியா வரணும்? நேரா மேல வரட்டுமே!"

பிறகு காசியின் தலை மட்டும் வெளியே நீண்டது. முகமெல்லாம் கிரீஸ். "ஃப்ளோர் கியரா?"

"ஃப்ளோர் கியர்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிருபானந்தத்துக்குக் கவலை வந்துவிட்டது. "அப்ப வண்டித் தரையில ஓட்ட போடப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கியர் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு காதுகள். ஒன்றை ஆட்டினால் முதல் கியரும் ரிவர்ஸும். இன்னொன்றை ஆட்டினால் இரண்டாவதும் மூன்றாவதும். காசி பழைய வழியை அப்படியே கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு காதுக்கும் ஒரு கம்பியாக இரண்டு கம்பிகளைத் தரை வழியாக நேரே மேலே கொண்டுவந்தார். பார்க்க ரோடு ரோலர் மாதிரி இருந்தது. ஆனால் ஆட்டிப் பார்த்தபோது என்ன ஒரு சுத்தம்! லொடலொடப்பு இல்லை, தேடல் இல்லை. தள்ளினால் விழுந்தது, இழுத்தால் வந்தது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு மைதானத்தில் வெள்ளோட்டம். டீம் பெண்கள் சுற்றுச்சுவர் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஜெயபுஷ்பம் முதல் சுற்று போனார், கைதட்டல். இரண்டாம் சுற்றில் வேகம் ஏறியது. அவர் உடம்பெல்லாம் சந்தோஷம். மூன்றாம் சுற்றில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், முதல் கம்பியை நடுவுக்குக் கொண்டுவர மறந்து இரண்டாவது கம்பியைத் தள்ளிவிட்டார்.

கிறீச்சென்று சக்கரங்கள் இறுகின. வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. புழுதி அடங்கியபோது கேட் பக்கம் வஹீதா நிற்பது தெரிந்தது. மகளை அழைத்துப் போக வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஃபரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதுதான் ஜெயபுஷ்பத்துக்கு வலித்தது. திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் கிருபானந்தம் சொன்னார்: "மறக்கறது மனுஷன் சுபாவம் புஷ்பம். நீ மறந்தாலும் வண்டி மறக்கக் கூடாது. அந்த மாதிரி எதனா இருந்தா செய்ங்க."

நீ மறந்தாலும் வண்டி மறக்கக் கூடாது. மறுநாள் ஏழாம் வகுப்புக்குக் கோகோ ஆட்டம் விடும்போதும் அவர் மனதில் அது ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், முதுகில் தட்டி 'கோ' சொல்வதற்கு முன்பே எழுந்து ஓடிவிட்டாள். ஜெயபுஷ்பம் விசில் ஊதினார். "ஃபவுல்! ஒருத்தி ஓடும்போது மத்தவ உக்காந்துதான் இருக்கணும்!" என்று கத்தினார். கத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒருத்தி எழுந்தால் மற்றவள் உட்கார வேண்டும். அவள் உட்காரும்வரை இவள் எழ முடியக் கூடாது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், கழுத்தில் விசில் ஆட ஆட, காசி வேலை செய்யும் தொழிற்சாலை கேட்டுக்கு ஓடினார். சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நெடி முகத்தில் அடித்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. காசி டிபன் பாக்ஸோடு வெளியே வந்தார்.

"காசி! கோகோ!"

"இன்னா டீச்சர், வெயில்ல மூளை கீளை..."

ஜெயபுஷ்பம் தரையில் குந்தி, இரண்டு குச்சிகளை அருகருகே வைத்தார். "இது ஒருத்தி, அது ஒருத்தி. ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. இவ எழுந்து ஓடறா." ஒரு குச்சியை முன்னே தள்ளினார். "இவ ஓடற வரைக்கும் அவ எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருக்கணும்னு நெனச்சாலும் முடியக் கூடாது. நான் மறந்துட்டு இழுத்தாலும் வரக் கூடாது!"

காசி டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். குச்சிகளையே பார்த்தார். "சரி. அவள அமுக்கிப் பிடிக்கறது யாரு?"

"அதான் தெரியல."

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தன் இருக்கணும். இவ ஓடினா இவ இடிச்ச இடியில அவன் அந்தப் பக்கம் சாஞ்சு, அவ மடியில உக்காந்துக்கணும்." சட்டென்று எழுந்தார். "இருங்க, வர்றேன்!" உள்ளே ஓடியவர் கை நிறைய எதையோ மூடிக்கொண்டு திரும்பினார். டிரம்மின் தேய்ந்த பேரிங்கிலிருந்து கழற்றி வைத்திருந்த எஃகு உருண்டைகள். சாப்பாட்டை மறந்து இரண்டு பேரும் வெயிலில் குந்தியிருந்ததைப் பார்த்து வாட்ச்மேன் என்ன தொலைந்துபோச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு காதுகளுக்கும் போகும் கம்பிகளின் முனையில் ஆளுக்கொரு தடித்த இரும்புப் பட்டை. பட்டைகள் அருகருகே படுத்திருக்கும். ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்தில் இரண்டிலும் சின்னதாக ஒரு குழி. குழிகளுக்கு நடுவில் ஒரு உருண்டை. ஒரு பட்டை நகர்ந்தால் உருண்டை அதன் குழியிலிருந்து பிதுங்கி அடுத்த பட்டையின் குழிக்குள் போய் அமர்ந்துகொள்ளும். அது அமர்ந்திருக்கும்வரை அந்தப் பட்டை அசையாது. முதலாவது திரும்பி நடுவுக்கு வந்தால்தான் விடுதலை. மேலே இரண்டு கம்பிக்குப் பதிலாக ஒரே கம்பி. பக்கவாட்டில் சாய்த்து எந்தப் பட்டை வேண்டுமோ அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

குழியை அரத்தால் ராவி ராவிப் பார்த்ததில் முதல் ஜோடி வீணாய்ப்போனது. ஆழம் கொஞ்சம் ஜாஸ்தி ஆனால் உருண்டை உள்ளேயே தூங்கிவிடும், கம்மி ஆனால் இரண்டு பட்டையும் நகராது. இரண்டாவது ஜோடியில் பொருந்தியது. காசி ஒரு பட்டையைத் தள்ளினார். ஜெயபுஷ்பம் மற்றதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காசி தன்னுடையதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தார். 'க்ளிக்.' ஜெயபுஷ்பத்தின் பட்டை கையோடு வந்துவிட்டது.

"இன்னொரு தடவ!" என்றார் ஜெயபுஷ்பம். பிறகு இன்னொரு தடவை. கிருபானந்தத்தையும் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார்கள். அவரும் இழுத்துப் பார்த்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உக்காந்துட்டான்பா உள்ள!" என்றார். அந்தக் கொட்டகையில் அன்று ஒரு கல்யாண வீட்டுக் களை இருந்தது.

வண்டியில் பூட்டும்போது வேறு தொல்லை. ஒரே கம்பிக்குப் போட்ட புது ஓட்டை சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் இரண்டாவது கியர் போட்டால் கம்பி பின்னால் வந்து சீட்டில் இடித்தது. சீட்டை வெட்டலாமா என்று காசி கேட்டார். "என் சீட்ட தொட்டா பாத்துக்க!" என்று ஜெயபுஷ்பம் தடுத்தார். கம்பியை உலையில் சிவக்கக் காய்ச்சி, கொக்குக் கழுத்து மாதிரி முன்பக்கம் வளைத்தார்கள். அதன் தலைக்குக் குமிழ் வேண்டுமே? ஜெயபுஷ்பம் பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலிருந்து, டிரில் வகுப்பில் விரிசல் விட்டுக் கழித்துப் போட்ட மர டம்பெல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ஒரு பக்கத்துக் குண்டை அறுத்து மாட்டியபோது உள்ளங்கைக்கென்றே கடைந்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. வஹீதா தானாகவே வந்தார். ஃபரீதா வீட்டில் உருண்டைக் கதையை ஓயாமல் சொல்லியிருக்க வேண்டும். மைதானத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "நான் உக்காந்து பாக்கறேன்," என்றார்.

டிரைவர் சீட்டிலேயே உட்கார வைத்தார் ஜெயபுஷ்பம். இன்ஜின் ஆஃப். "எப்படி வேணா இழுங்க, தள்ளுங்க. பூட்ட வெச்சிடுங்க பாக்கலாம்!"

"நெஜமாவா?"

"நெஜமா. உங்க பொண்ணு ஏறப்போற வண்டி. இரக்கமே பாக்காதீங்க."

வஹீதா புர்காவின் கையை மேலே சுருட்டினார். நாள் முழுக்கத் தோலை இழுத்துத் தைத்துப் பழகிய கை. முதல் கியரில் போட்டார். அதிலிருந்தபடியே கம்பியைப் பக்கவாட்டில் பிடுங்கினார். அசையவில்லை. இரண்டாவதில் போட்டு ரிவர்ஸுக்கு இழுத்தார். பாதி விழுந்தும் விழாமலும் வைத்துக்கொண்டு குலுக்கினார். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, சீட்டில் முழங்காலிட்டுத் தள்ளினார். ஃபரீதா, "அம்மி, ஒடச்சிடாதீங்க!" என்று தாயைப் பார்த்து அலறினாள். கடைசியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, இறங்கி, நேராகக் காசியிடம் வந்தார்.

"அந்த உருண்டை தேஞ்சா?"

காசி அந்தக் கேள்வியை மதித்தார். "தேயும். தேய்ஞ்சா முதல்ல கம்பி கையில ஆட்டம் குடுக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் கழட்டி மாத்திடணும். நானே மாத்தறேன்."

"மறக்க மாட்டீங்களே?"

"மறந்தா நீங்க வந்து கேளுங்கம்மா."

வஹீதா தலையாட்டினார். பிறகு கம்பியின் அடியில் குனிந்து பார்த்து முகம் சுளித்தார். "இது இன்னா, ஓட்டையச் சுத்தி சாக்குத் துணிய கட்டி வெச்சிருக்கீங்க? கீழேர்ந்து புழுதியும் சூடும் வராது? ஆம்பூர்ல இருந்துக்கிட்டு சாக்கா!" அங்கேயே சாணாலும் விரலாலும் அளந்துகொண்டு போனார். மறுநாள் மாலை கறுப்புத் தோலில் ஒரு உறை வந்தது. நாலு துண்டாக வெட்டி, மடிப்பு மடிப்பாக, இரட்டைத் தையல் போட்டுத் தைத்தது. கம்பி எந்தப் பக்கம் போனாலும் அதுவும் கூடவே மடிந்து விரிந்தது. வெளிநாட்டு ஷூவுக்குப் போடும் தையல் என்று வஹீதா பெருமையோடு சொன்னார். அப்படியே தலைமையாசிரியை அறைக்குப் போய், "ஏத்தி அனுப்பலாம் மேடம். ஆனா நானும் கூடப் போவேன்," என்றார்.

போட்டி நாளன்று காலை, டீம் பெண்கள் பின்னால், வஹீதா முன்னால், பச்சை வண்டி ஆம்பூரை விட்டுக் கிளம்பியது. ஹைவேயில் மூன்றாவது கியர் விழுந்தபோது ஜெயபுஷ்பத்துக்கு வாய்விட்டுக் கூவ வேண்டும்போல இருந்தது. வருடக்கணக்காகக் கம்பத்தில் தேடித் தடவிப் போட்ட கியர் இப்போது உள்ளங்கையைக் கீழே இறக்கினாலே வந்து நின்றது. பள்ளிகொண்டா தாண்டியது, வேலூர் தாண்டியது. பின்னால் பெண்கள் பாட்டு பாடிக்கொண்டு வந்தார்கள்.

வேலூருக்கு அப்பால் போக்குவரத்து நின்றுவிட்டது. ஈரத்தோல் ஏற்றி வந்த லாரி ஒன்று சாய்ந்து, ரோடெல்லாம் ரசாயனத்தில் ஊறி நீலமான தோல் குவியலாகக் கிடந்தது. எப்போது வழி திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வஹீதா ஜெயபுஷ்பத்தைப் பார்த்தார். ஜெயபுஷ்பம் ஓரத்தில் பிரிந்த ஒரு ஏரிக்கரைப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க போவும்?" என்று அங்கே நின்றவரைக் கேட்டார்.

"சுத்திக்கிட்டு அந்தாண்ட ரோட்டையே பிடிக்கும். ஆனா குறுகலும்மா."

குறுகல்தான். ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறு பக்கம் வயல் பள்ளம். பாதி தூரம் போனபோது எதிரே ஒரு டவுன் பஸ் வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக மாட்டு வண்டிகள். அது பின்னால் போக வழியே இல்லை. ஜெயபுஷ்பம்தான் போக வேண்டும், கரை அகலமாகும் இடம்வரை, ஏற்றத்தில், ரிவர்ஸில்.

வஹீதா கேட்காமலே இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போய், புர்கா காற்றில் படபடக்க நின்று கையை ஆட்டினார். "வாங்க! வாங்க! ரைட்ல கொஞ்சம்! ஐயோ, ஜாஸ்தி! லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" ரிவர்ஸ், கொஞ்சம். முதல் கியரில் முன்னே வந்து நேராக்கு. மறுபடி ரிவர்ஸ். பழைய கம்பமாக இருந்திருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு முறையும் உயிர் போய் வரும். இப்போது டம்பெல் குமிழ் முன்னும் பின்னும் பறந்தது. 'க்ளிக்', 'க்ளிக்.' ஒரு முறைகூடத் தப்பவில்லை. பஸ் உரசிக்கொண்டு கடந்தபோது அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எந்த ஊரு டிரைவரும்மா நீ?" என்று கேட்டார். பின்னாலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "ஆம்பூரு!"

வாலாஜாபேட்டை மைதானத்தில் இவர்கள் பள்ளியின் பெயரைக் கடைசித் தடவையாக மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்கும் முன்பே பெண்கள் குதித்து ஓடினார்கள். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள், அடுத்ததும் ஜெயித்தார்கள், இறுதி ஆட்டத்தில் நெமிலிப் பக்கத்துப் பெண்களிடம் தோற்றார்கள். அந்தப் பெண்கள் நன்றாகவே ஆடினார்கள். ஃபரீதா இந்தமுறை அழவில்லை. இரண்டாம் பரிசுக் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் அவர்களை எப்படி மடக்குவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.

திரும்பும் வழியில் வஹீதா ரொம்ப நேரம் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: "டீச்சர், இத்த ஓட்டறது கஷ்டமா?"

"அன்னிக்கி நீங்கதான் எல்லா கியரும் போட்டீங்களே. மீதி இருக்கறது ரோடுதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாடம் ஆரம்பமானது. முதல் நாள் கிளட்சை வெடுக்கென்று விட்டு, வண்டி தவளைபோல எகிறி அணைந்தது. வஹீதா சிரித்த சிரிப்பில் காம்பவுண்டுக்கு வெளியே போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்குப் பிறகு பள்ளிக்கூட ஆயா ஒருவர் கேட்டார், பிறகு ஒரு நர்ஸ், பிறகு வஹீதாவின் கம்பெனியிலிருந்தே நாலைந்து பேர். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெயபுஷ்பம் வருவதற்குள் மைதானத்தில் ஆள் காத்திருக்கும். கிருபானந்தம் ஸ்டூலைக் கொண்டுவந்து நிழலில் போட்டுக்கொண்டு உட்காருவார். இப்போது அவர் வேலை, கொடிக்கம்பத்தைக் காப்பாற்றுவது.

இரண்டாயிரத்து மூன்றில் வஹீதா கம்பெனி வேலையை விட்டு, வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக அப்பர் தைக்கும் யூனிட் போட்டார். தைத்ததை மூட்டை கட்டி, தானே ஒரு சின்ன வேனில் ஏற்றிப்போய் கம்பெனி கேட்டில் இறக்குவார். ஃபரீதா அப்போது திருப்பத்தூரில் விளையாட்டு டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காசி சொன்ன சொல் தவறாமல் வருடா வருடம் உருண்டையை மாற்றினார். கழற்றிய உருண்டைகளை ஜெயபுஷ்பம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். எதற்கென்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள் சாயந்திரம் கிருபானந்தம் வேலூரிலிருந்து வந்தபோது வீட்டில் ஆளில்லை. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். வண்டியின் பின்தொட்டியில் சாக்கில் சுற்றிய எதையோ வைத்துக்கொண்டு மனைவியும் காசியும் தலையோடு தலை முட்டாத குறையாகக் குனிந்திருந்தார்கள். சாக்கை விலக்கினால், எங்கோ ஒரு பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய கியர் பெட்டி.

"இது எதுக்கு? இப்ப இருக்கறது நல்லாத்தான ஓடுது?" என்றார் கிருபானந்தம்.

ஜெயபுஷ்பம் நிமிர்ந்தார். கன்னத்தில் கிரீஸ், கண்ணில் விளக்கு. "ஏங்க, இதுல நாலு கியர்ங்க!" என்றார். "நாலாவது போட்டா ஏலகிரி மலை எறங்கி வந்து ஹைவேல எப்படிப் பறக்கும் தெரியுமா? காசி, அந்த டார்ச்ச இப்படிக் காட்டு."

கிருபானந்தம் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைத் தேடினார்.